அசையாமல் இருப்பது அமைதி ஆகாது: இளநாயையும் முயல்களையும் ஒரே வீட்டில் பழக்குதல்

முயல் வேலிக்கு எதிரே நாய் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும். உள்ளே முயலும் அசையாது. "பாருங்க, ரெண்டும் எவ்வளவு சமத்தா இருக்கு" என்று படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். விலங்குகளைப் பழக்கத் தெரிந்தவர் அந்தப் படத்தைப் பார்த்தால் பதறிப்போவார். நாய் குறிவைத்துக்கொண்டிருக்கிறது, முயல் பயத்தில் உறைந்துகிடக்கிறது. இந்த ஒன்றைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டால்தான் கீழே சொல்லும் மற்ற வேலைகளுக்குப் பலன் இருக்கும்.

இந்தப் பதிவு சிங்கப்பூரின் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டை மனத்தில் வைத்து எழுதியது. நாய்க்கு ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரை இருக்கலாம். முயல்கள் கருத்தடை செய்த ஒரு ஜோடி. கருத்தடை செய்யாத முயல்களுக்கு எல்லைச் சண்டையும் படபடப்பும் அதிகம். பெண் முயலுக்குக் கருப்பைப் புற்றுநோய் அபாயமும் உண்டு. ஆகவே முதலில் அதை முடித்து, புண் ஆறிய பிறகு நாயைப் பழக்கத் தொடங்குங்கள்.

வீவக வீட்டில் ஒரு நாய்தான் வளர்க்கலாம், அதற்கு உரிமம் வேண்டும். முயலுக்கு உரிமம் தேவையில்லை. அனுமதிக்கப்பட்ட சிறிய நாய் வகைகளின் பட்டியலில் ஜாக் ரஸ்ஸல் டெரியர், ஃபாக்ஸ் டெரியர், டாக்ஸ்ஹுண்ட் எல்லாம் இருக்கின்றன. உருவம் சிறியதாக இருப்பதால் முயலுக்கு ஆபத்து குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். டாக்ஸ்ஹுண்டிலேயே மிகச் சிறிய வகை, முயல் வளைக்குள் புகுவதற்கென்றே ஜெர்மனியில் வளர்த்தெடுக்கப்பட்டது. டெரியர்கள் எலி, நரி பிடிக்க வந்தவை. ஷிட்ஸு, மால்டீஸ், கவாலியர் போன்றவற்றில் வேட்டை வேகம் பொதுவாகக் குறைவு, ஆனால் ஒவ்வொரு நாயையும் தனியாகத்தான் எடைபோட வேண்டும். உள்ளூர்க் கலப்பின நாய்களை வீவக வீடுகளில் வளர்க்க வழிசெய்யும், 2012இல் தொடங்கிய 'அடோர்' திட்டத்தில் தத்தெடுக்கும் 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' கலப்பின நாயாக இருந்தால், வெளியில் திரிந்த காலத்தில் எலியோ பறவையோ பிடித்துப் பழகியதா என்று பராமரித்தவர்களிடம் கேட்டுவிடுங்கள். பிடித்துத் தின்று பழகிய நாய்க்கு இந்தப் பயிற்சி பல மடங்கு கடினம்.

இரண்டின் உடம்பையும் படிப்பது

நாயின் வேட்டை ஒரு சங்கிலி: நிமிர்ந்து பார்க்கும், வெறித்துப் பார்க்கும், பதுங்கி நெருங்கும், துரத்தும், கவ்வும், உதறிக் கொல்லும். துரத்தல் தொடங்கிவிட்டால் எந்தக் கட்டளையும் காதில் ஏறாது. நாம் கைவைக்க முடிவது முதல் இரண்டு கண்ணிகளில்தான். அதனால் பயிற்சி முழுவதும் 'பார்ப்பது' எப்படி இருக்கிறது என்பதைச் சுற்றியே நடக்கிறது.

கெட்ட பார்வை இப்படி இருக்கும்: வாய் இறுக மூடியிருக்கும், மூச்சுகூட நின்றாற்போல் இருக்கும், காது முன்னோக்கி விறைக்கும், எடை முன்னங்காலுக்கு மாறும், ஒரு கால் லேசாகத் தூக்கியிருக்கும், கண் சிமிட்டாது. வாலைப் பார்த்து ஏமாறாதீர்கள். விறைத்த வால் நுனியில் மட்டும் ஆடினால் அது மகிழ்ச்சி இல்லை. மெல்லிய கீச்சுக் குரலும் உடல் நடுக்கமும் சேர்ந்தால் நாய் தாங்கும் எல்லையைத் தாண்டிவிட்டது. நல்ல பார்வை அலட்சியமாக இருக்கும்: பார்க்கும், தலையைத் திருப்பும், தரையை மோந்து பார்க்கும், கொட்டாவி விட்டு உடம்பை உதறும், ஒரு பக்க இடுப்பில் சாய்ந்து படுக்கும்.

முயலைப் படிப்பது இன்னும் நுணுக்கமான வேலை. பயந்த முயல் தரையோடு ஒட்டிக் காதை முதுகில் படியவைத்துக் குறுகிக் கிடக்கும். அருகில் குனிந்து பார்த்தால் கண் பிதுங்கி விளிம்பில் வெள்ளை தெரியும், விலா வேகமாக ஏறி இறங்கும், மூக்கு விறுவிறுவென்று துடிக்கும். நிம்மதியாக இருக்கும் முயலின் மூக்கு மெதுவாக அசையும், சில நேரம் நின்றே போகும். பின்னங்கால்களைப் பக்கவாட்டில் நீட்டும், முகம் கழுவும். பின்னங்காலால் தரையைத் 'தட்' என்று அடித்தால் அது எச்சரிக்கை. அன்றைய பயிற்சியை அங்கேயே நிறுத்திவிடுங்கள். நம்பத்தக்க அளவுகோல் ஒன்றுதான்: நாய் கண்ணில் படும்போதும் முயல் புல் தின்றுகொண்டிருக்கிறதா? மெல்லும் வாய் நின்றால் தூரம் போதவில்லை.

ஜோடி முயல்களில் இன்னொரு சிக்கல் உண்டு. நாயின் மேல் உள்ள பயத்தை அவை ஒன்றின்மேல் ஒன்று காட்டிவிடும். நாள்பட ஒற்றுமையாக இருந்த ஜோடி திடீரென்று முடி பறிக்கச் சண்டையிட்டால், பிரித்து வைப்பதற்கு முன் நாயை அறையிலிருந்து வெளியேற்றுங்கள்.

வேலி

கடையில் கிடைக்கும் இரும்புக் கம்பி பிளேபென்னில் (பலகைகளை இணைத்து நிறுத்தும் மடக்கு வேலி) 90 செ.மீ. உயரமுள்ளதை வாங்குங்கள். 60 செ.மீ. உயரத்தை இளநாய் தாண்டிவிடும், பெரிய முயலும் தாண்டும். எட்டுப் பலகை கொண்ட ஒரு செட் இரண்டு முயலுக்குப் போதும். ஆனால் அதன் கம்பி இடைவெளியில் சிறிய நாயின் மூக்கு நுழையும், முயல் பாதம் வெளியே வரும். அரை அங்குலக் கட்டம் கொண்ட கால்வனைஸ் கம்பி வலையைத் தரையிலிருந்து 45 செ.மீ. வரை சுற்றிலும் கட்டுங்கள். கேபிள் டை போட்டால் பூட்டும் வெட்டிய முனையும் வெளிப்பக்கம் இருக்கட்டும், உள்ளே இருந்தால் முயல் கடித்து விழுங்கும். பிளாஸ்டிக் வலை வேண்டவே வேண்டாம், ஒரே இரவில் ஓட்டை போட்டுவிடும்.

மொசைக்கிலும் டைல்ஸிலும் பிளேபென் வழுக்கிப் போகும். நாய் ஒரு முறை முன்னங்காலால் தள்ளினாலே வேலி முழுவதும் அரை அடி நகர்ந்து, உள்ளே உள்ள முயலின் மேல் மோதும். சுவரோடு இரண்டு பக்கம் ஒட்டி மூலையில் அமையுங்கள். கால்களுக்கு அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு வையுங்கள். முயல் நிற்கும் தரைக்கும் பருத்தி விரிப்போ புல் பாயோ தேவை, டைல்ஸில் ஓடிச் சறுக்கும் முயல் பீதியில் இடுப்பை முறித்துக்கொள்ளும். குழந்தைகளுக்கு வாங்கும் பஸில் ஃபோம் விரிப்பை முயல் கடித்துத் தின்னும், அது குடலை அடைக்கும்.

இந்த வேலிக்கு வெளியே 60 செ.மீ. தள்ளி இரண்டாவது தடுப்பு ஒன்று அவசியம். குழந்தைக் கதவோ இன்னொரு செட் பிளேபென்னோ எதுவானாலும் சரி. பலர் இதை வீண்செலவு என்று விட்டுவிடுகிறார்கள். எங்களைக் கேட்டால் மொத்தச் செலவில் மிகப் பயனுள்ள பகுதி இதுதான். வேலியோடு மூக்கை ஒட்டி நிற்க முடியும் நாய்க்கு, எட்டியும் எட்டாத ஆத்திரம் நாளுக்கு நாள் வளரும். குரைப்பு, பிறாண்டல், பாய்ச்சல் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. 60 செ.மீ. இடைவெளி அந்த ஆத்திரத்தைத் தணிக்கிறது, முயலுக்கும் மூச்சு விட இடம் கிடைக்கிறது.

உள்ளே ஒரு மறைவிடப் பெட்டி வையுங்கள். இரண்டு வாசல் வேண்டும், எதிரெதிர்ப் பக்கங்களில், ஒவ்வொன்றும் சுமார் 18 செ.மீ. அகலம். ஒரே வாசல் என்றால் ஒரு முயல் வாசலில் நின்று மற்றதை உள்ளே சிறைவைத்துவிடும். வேலியின் வெளிப்பக்கத்தை முதல் சில வாரங்களுக்குப் பழைய போர்வையால் முக்கால் பங்கு மூடிவையுங்கள்.

இடம்: சர்வீஸ் யார்டு (துணி துவைத்துக் காயவைக்கும் இடம்) பிற்பகலில் அனலடிக்கும். பாம் ஷெல்டர் (குண்டுவீச்சுத் தற்காப்பு) அறையில் காற்றோட்டம் கிடையாது. சாமி மூலைக்குப் பக்கத்திலும் வேண்டாம், வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை முயலின் மூச்சுக்குழாய்க்கு ஆகாது. வரவேற்பறையின் உள்மூலை அல்லது ஏர்கான் உள்ள படுக்கையறை நல்லது. முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். நம் ஊரின் 32 டிகிரிப் பிற்பகலில் பயமும் சேர்ந்தால் வெப்பத்தாக்கு வரலாம். பயிற்சி நேரத்தில் அறை 24, 25 டிகிரியில் இருக்கட்டும்.

முயல் இல்லாமல் தொடங்கும் பயிற்சி

முதல் வேலை வாசனை. முயல் படுத்த துணியை நாய்க்கு மோந்து பார்க்கக் கொடுத்து, அமைதியாக மோந்தால் தீனி கொடுங்கள். கவ்வி உதறினால் எடுத்துவிட்டு அடுத்த முறை தூரத்தில் வையுங்கள். நாய் படுத்த துணி முயல் வேலிக்கு வெளியே, அதன் தட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் கிடக்கட்டும். இது ஒரு வாரம் ஓடலாம்.

இதே காலத்தில் முயல் இல்லாத அறையில் நாய்க்கு மூன்று பழக்கங்கள் வரவேண்டும்: விரிப்பில் போய்ப் படுப்பது, 'விடு' என்றால் எதையும் விட்டுத் திரும்புவது, பெயரைக் கூப்பிட்டால் முகம் பார்ப்பது. வீட்டில் பாட்டி 'வேணாம்' என்பார், பிள்ளைகள் 'நோ' என்பார்கள், பணிப்பெண் வேறொன்று சொல்வார். ஒரே சொல்லாக முடிவுசெய்து குளிர்பதனப் பெட்டியில் எழுதி ஒட்டுங்கள்.

தீனி என்பது உப்பு, மஞ்சள், வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி. பாதிப் பட்டாணி அளவில் 30 துண்டு ஒரு வேளைக்குப் போதும், அன்றைய உணவிலிருந்து அந்த அளவைக் குறைத்துவிடுங்கள். சைவ வீடுகளில் உப்பில்லாத பன்னீரோ வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கோ வேலை செய்யும்.

பயிற்சிக்கு முன் நாயைக் கூட்டிக்கொண்டு 20, 30 நிமிடம் மெதுவாக நடந்து நன்றாக மோப்பம் பிடிக்க விடுங்கள். பந்து எறிந்து ஓடவிட்டுக் களைக்கவைப்பது தலைகீழ் வேலை: ஓடுவதைத் துரத்தும் புத்தியைச் சூடேற்றிவிட்டு முயலிடம் கொண்டுபோகிறோம். தூக்கம் போதாத குட்டியும் அப்படித்தான். இளம் குட்டி ஒரு நாளில் 16 மணி நேரத்துக்கு மேல் தூங்கும், அதைக் கெடுத்தால் மாலையில் பித்துப் பிடித்தாற்போல் கடிக்கும்.

பார்த்துத் திரும்புதல்

முயல் விடியற்காலையிலும் அந்தியிலும் துள்ளும், பகலில் ஓய்வெடுக்கும். தொடக்கப் பயிற்சிகள் காலை பத்து மணிக்கு மேல், அது புல் தின்றுகொண்டோ படுத்தோ இருக்கும்போது நடக்கட்டும். நாய்க்குக் கழுத்துப்பட்டை வேண்டாம், ஹார்னெஸும் (மார்புப்பட்டை) 1.8 மீட்டர் சாதாரண லீஷும் (பிடிவார்) போதும். இழுத்தால் நீளும் வகை லீஷ் இந்த வேலைக்கு ஆகாது.

வேலியிலிருந்து கூடத்தின் மறுகோடிக்குப் போங்கள், நான்கு ஐந்து மீட்டர் கிடைக்கும். போர்வையில் ஒரு கை அகலம் மட்டும் திறந்துவையுங்கள். நாய் முயலைப் பார்த்த அந்தக் கணத்திலேயே கிளிக்கர் ('க்ளிக்' என ஒலிக்கும் சிறு பயிற்சிக் கருவி) அழுத்துங்கள் அல்லது 'சரி' சொல்லுங்கள், தீனியை உங்கள் காலடியில் கொடுங்கள். தின்னத் திரும்பும், மறுபடி பார்க்கும், மறுபடி தீனி. சில சுற்றுக்குப் பிறகு ஒரு கணம் காத்திருங்கள். முயலைப் பார்த்துவிட்டு, நீங்கள் எதுவும் சொல்லாமல், அதுவாகவே உங்கள் முகத்தைத் தேடித் திரும்பும். கழுத்து தளர்வதும், வாய் லேசாகத் திறப்பதும், கண் உங்களிடம் வருவதும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். இந்தப் பயிற்சியில் விலைமதிப்பானது அந்தத் திருப்பம்தான். அதற்கு இரண்டு மூன்று துண்டு சேர்த்துக் கொடுங்கள்.

ஒரு தடவை மூன்று முதல் ஐந்து நிமிடம். நாளுக்கு இரண்டு, மூன்று தடவை. பத்து முறையில் எட்டு முறை தானாகத் திரும்பினால் அடுத்த தடவை அரை மீட்டர் முன்னேறுங்கள். தீனியை வாங்க மறுத்தாலோ வெடுக்கென்று கையோடு பிடுங்கினாலோ ஒரு மீட்டர் பின்வாங்குங்கள். வெறித்தல் இரண்டு விநாடிக்கு மேல் நீடித்தால் லீஷை இழுத்துச் சுண்டாதீர்கள், இறுகிய லீஷ் முன்னேறும் வெறியைக் கூட்டும். மூக்குக்கு அருகே தீனியைக் காட்டி வளைவாகத் திரும்பி நடந்துவிடுங்கள்.

சங்கிலி இழுப்பு, ஷாக் காலர், அதட்டல் எதுவும் இங்கே கூடாது என்பதற்குக் காரணம் கருணை மட்டும் இல்லை. முயலைப் பார்க்கும்போதெல்லாம் வலித்தால் அந்த வலிக்கு முயல்தான் காரணம் என்று நாய் முடிவுகட்டும். உறுமினால் அடி விழும் என்று கற்ற நாய் உறுமாமலே பாயும். வெளியே அசையாத, உள்ளே கொதிக்கும் நாயை நாமே உருவாக்கிவிடுவோம்.

படுத்திருக்கும் முயலோடு ஒரு மீட்டர் வரை வந்தபின், அசையும் முயலுக்கு மறுபடி முழுத் தூரத்திலிருந்து தொடங்குங்கள். இதைத் தவறவிட்டுத்தான் பல வீடுகளில் காரியம் கெடுகிறது. நாய்க்குப் படுத்த முயலும் துள்ளும் முயலும் ஒன்றல்ல. வேலிக்குள் ஒருவர் கொத்தமல்லித் தழையை இங்கும் அங்கும் நீட்டி முயலை நடக்கவையுங்கள், பிறகு ஓடவையுங்கள். தேக்கா சந்தையில் ஒரு கட்டு வாங்கினால் பல நாளுக்கு வரும். அந்தி நேரத் துள்ளலை நாய் விரிப்பில் படுத்தபடி பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பும் வரை வேலி திறக்கப்படக் கூடாது.

வேலி இல்லாமல்

பெரியவர்கள் இருவர் வேண்டும், ஒருவர் நாய்க்கு, ஒருவர் முயலுக்கு. பிள்ளைகள் வேறு அறையில் இருக்கட்டும். நாய் லீஷில், விரிப்பில், பக்கவாட்டில் சாய்ந்து படுத்திருக்கிறது. முயல் வேலிக் கதவு திறந்திருக்கிறது. நாய் முயலிடம் போவதில்லை. வருவதும் வராததும் முயலின் விருப்பம். பின்பக்கமாக வந்து நாயின் வாலையோ காலையோ மோந்துவிட்டு ஓடும், அது நல்ல தொடக்கம். முயலைக் கையில் தூக்கி நாயின் முகத்துக்கு நேரே காட்டுவது பலரும் செய்கிற ஆபத்தான காரியம். தப்ப வழியற்ற முயல் பின்னங்காலால் உதைக்கும். அதன் எலும்புக்கூடு உடல் எடையில் 8 விழுக்காடு அளவுதான், தொடைத்தசையோ அபார பலம். தன் உதையிலேயே தன் முதுகெலும்பை முறித்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முயலுக்குக் காயம் வருவதற்கு நாய் வேட்டையாட வேண்டியதில்லை. "விளையாட வா" என்று ஏழு கிலோ குட்டி முன்னங்காலால் ஒரு தட்டு தட்டினால் இரண்டு கிலோ முயலுக்கு அது போதும். அதனால் முன்னுடல் தாழ்த்தி விளையாட அழைப்பதையும் 'விடு' சொல்லித் திருப்பிவிடுங்கள். கூடைவடிவ வாய்க்கட்டு பழக்கியிருந்தால் கூடுதல் பாதுகாப்பு, ஆனால் அது முட்டலையும் மிதியையும் தடுக்காது.

சில மாதம் நன்றாக இருந்த நாய் எட்டு, பத்து மாத வயதில் திடீரென்று பழையபடி வெறிக்கத் தொடங்கும். விடலைப் பருவத்தில் இது இயல்பு, பயிற்சி வீணாகிவிடவில்லை. வேலியை மூடி, தூரத்தைக் கூட்டி, தொடக்கச் சுற்றுகளை மறுபடி ஓட்டுங்கள். இடி மின்னல் நாளிலும், சீனப் புத்தாண்டுச் சிங்க நடன மேளம் புளோக்கின் கீழே முழங்கும்போதும் இரண்டையும் சேர்க்கவே வேண்டாம். நாயின் சோற்றுத் தட்டையும் எலும்புப் பொம்மையையும் முயல் பகுதிக்கு அருகே வைக்காதீர்கள், தன் பொருளைக் காக்கும் நாய் முயலென்றும் பார்க்காது. நாயின் உலர் உணவும் முயல் வாய்க்குப் போகக் கூடாது.

எத்தனை பழகினாலும், ஆளில்லாத நேரத்தில் இரண்டுக்கும் நடுவில் இரண்டு அடைப்புகள் இருக்க வேண்டும்: ஒரு வேலி, ஒரு மூடிய கதவு. ஐந்து நிமிடம் குப்பை போடப் போனாலும் இதுவே விதி.

மருந்தும் மருத்துவரும்

உண்ணிக்காக நாயின் கழுத்தில் ஊற்றும் மருந்துகள் சிலவற்றில் ஃபிப்ரோனில் இருக்கிறது. ஃபிரன்ட்லைன் அப்படிப்பட்டது. முயலுக்கு அது நஞ்சு. பழகிய முயல் நாயின் கழுத்தை நக்கிச் சுத்தம் செய்யும் என்பதால், இரண்டும் நெருங்கியபின் இந்த அபாயம் கூடுகிறது. மாத்திரை வடிவ மாற்று இருக்கிறதா என்று விலங்கு மருத்துவரிடம் கேளுங்கள். ஊற்றுமருந்துதான் என்றால் இரண்டு நாளாவது பிரித்துவையுங்கள்.

முயல்களுக்கு இரத்தக்கசிவு நோய் தரும் கிருமி சிங்கப்பூரில் 2020 செப்டம்பரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. நாய்க்கு அந்த நோய் வராது, ஆனால் பாதத்தில் கிருமியை ஏற்றி வர முடியும். முயலுக்குத் தடுப்பூசி போடுங்கள், நடந்து வந்த நாயின் பாதங்களை வாசலிலேயே கழுவித் துடையுங்கள்.

நாயின் பல் பட்டதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பல் குத்திய துளை ரோமத்துக்குள் தெரியாது, உள்ளே சீழ் பிடிக்கும், அதிர்ச்சியிலேயே முயல் போய்விடலாம். இருட்டான கூடையில் வைத்து, கழுவாமல், உடனே கிளம்புங்கள். எல்லா மருத்துவமனையும் முயலைப் பார்ப்பதில்லை. முயல் பார்க்கும், இரவிலும் திறந்திருக்கும் இடத்தின் எண்ணை இன்றே கைப்பேசியில் சேமித்துவையுங்கள். பயந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகு புழுக்கைத் தட்டைக் கவனியுங்கள். புழுக்கை சிறுத்தாலோ குறைந்தாலோ குடல் மந்தமாகிறது. புல் தின்னாமல், புழுக்கை போடாமல் 12 மணி நேரம் போனால் அது அவசர நிலை.

சில நாய்கள் எத்தனை மாதமானாலும் திரும்பாது. வெறிக்கும், தீனியைப் பாராது, தூரம் குறையவே குறையாது. அந்த நாயை வற்புறுத்தவும் வேண்டாம், கைவிடவும் வேண்டாம். முறைவைத்து வாழலாம்: காலையில் நாய் நடைக்குப் போகும் நேரமும், இரவில் அது அறையில் தூங்கும் நேரமும் முயல்கள் கூடத்தில் ஓடட்டும். மற்ற நேரத்தில் முயல் அறைக் கதவு மூடியிருக்கும். நெம்புகோல் கைப்பிடியுள்ள கதவை நாய் தாவி அழுத்தித் திறந்துவிடும். ஆகவே அந்த அறைக்கு மேல்பக்கம், நாய்க்கு எட்டாத உயரத்தில், தனியாக ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். கடைசியாக வெளியே வருபவர் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு ஒரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும்.